வெளிநாட்டில் ஒரு குடும்பத்தோடு தங்கிப் படிக்கப் போகிறேன். அந்த வீட்டில் ஒட்டிக்கொள்ள என்ன செய்ய வேண்டும்?

நானும் பரிமாற்ற மாணவியாகப் பத்து மாதம் ஒரு குடும்பத்தோடு தங்கிப் படித்தவள். அப்பா, அம்மா, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பையன்கள். முதல் மூன்று வாரம் கேட்டதற்குப் பதில் சொல்வேன், கொடுத்ததற்கு நன்றி சொல்வேன், சாப்பிட்டதும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். அவர்களுக்குத் தொந்தரவாக இருக்கக்கூடாது என்ற நினைப்புதான். அவர்களோ, தங்களைப் பிடிக்காமல்தான் நான் ஒதுங்குகிறேன் என்று நினைத்திருக்கிறார்கள். பிற்பாடு அந்த வீட்டு அம்மா இதைச் சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதனால் நான் முதலில் சொல்வது: விருந்தாளியாக இருக்கும் நாட்களைச் சீக்கிரம் முடித்துக்கொள்ளுங்கள். தினமும் அந்த வீட்டில் நடக்கும் ஏதாவது ஒரு வேலையை உங்களுடையதாக ஆக்கிக்கொள்ளுங்கள்.

எனக்கு அது பாத்திரம் துடைப்பது. ஒருநாள் இரவு அம்மா கழுவிக்கொண்டிருந்தார். கொக்கியில் தொங்கிய துண்டை எடுத்தேன். வேண்டாம் என்றார். நான் விடாமல் ஒரு தட்டைத் துடைத்து, எங்கே வைப்பது என்று தூக்கிக் காட்டினேன். சோப்பு நுரை சொட்டும் கையாலேயே மேல் அலமாரியைக் காட்டி, அதன் பெயரையும் இரண்டு தடவை சொன்னார். சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தால் பேச்சு வராமல் திணறுவேன். சிங்க் பக்கத்தில் அந்தச் சங்கடமே இல்லை. வாக்கியம் பாதியில் நின்றுபோனால் அடுத்த தட்டை எடுத்துக்கொள்ளலாம். வகுப்பில் வராத மொழி எனக்கு அங்கேதான் வந்தது.

அப்புறம், முதல் வாரத்திலேயே சில விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். எந்த நேரத்தில் குளிக்கலாம், துணி எப்போது துவைப்பது, ஃப்ரிட்ஜில் எதையெல்லாம் கேட்காமல் எடுக்கலாம், இரவு எத்தனை மணிக்குள் வர வேண்டும், நண்பர்களை அழைத்து வரலாமா. அந்த வீட்டிலேயே இருப்பவர்களுக்கு இதெல்லாம் பழகிப்போனவை, தாங்களாகச் சொல்லத் தோன்றாது. நான் ஒருமுறை நூலகத்தில் இருந்துவிட்டுச் சொல்லாமல் தாமதமாக வந்தேன். நான்கு பேரும் சாப்பிடாமல் மேசையில் காத்திருந்தார்கள். சின்னவன் தட்டுக்குப் பக்கத்தில் தலைவைத்துத் தூங்கியே விட்டான். யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதன்பின் பத்து நிமிடத் தாமதத்துக்கும் செய்தி அனுப்பிவிடுவேன்.

சில மாதம் போனபின் திடீரென்று எதுவுமே பிடிக்காமல் போகலாம். பயப்படாதீர்கள், இது வெகுநாளாகத் தெரிந்த விஷயம்தான். அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அமெரிக்கா போய்வந்த நார்வேக்காரர்களைப் பற்றி ஸ்வெர்ரே லிஸ்கார்ட் என்ற சமூகவியலாளர் 1955-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். 6 மாதத்துக்குள் இருந்தவர்களையும் 18 மாதத்துக்கு மேல் இருந்தவர்களையும் விட, இடைப்பட்ட காலம் இருந்தவர்களே ஒட்டிக்கொள்ளக் கஷ்டப்பட்டார்கள் என்று அதில் தெரிந்தது. எல்லோருக்கும் இதே கணக்கில் நடக்கும் என்றில்லை. எனக்கு மூன்றாம் மாதமே வந்தது. நாள் முழுக்க வேற்று மொழியில் யோசித்தால் சாயங்காலம் தலை களைத்துப்போகும், முகமும் இறுகிவிடும். "கோபமில்லை, களைப்புதான்" என்பதை அவர்கள் மொழியில் இப்போதே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். எனக்கு மிகவும் கைகொடுத்த வாக்கியம் அது.

ஊருக்கு ஃபோன் பேச ஒரு நேரம் வைத்துக்கொண்டால் நல்லது. நான் முதலில் தினமும் மணிக்கணக்கில் பேசி, இருந்த வீட்டில் இல்லாமலே இருந்தேன்.

ஒன்றை மட்டும் பொறுத்துக்கொள்ளாதீர்கள். சாப்பாடு ஒழுங்காகத் தராவிட்டால், யாராவது தப்பாகத் தொட்டால், பேசினால், அந்த வீட்டில் இருக்கவே பயமாக இருந்தால், அன்றைக்கே உங்களை அங்கே அனுப்பிய திட்டத்தின் ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லிவிடுங்கள். வீடு மாற்றித் தரக் கேட்பதில் தப்பே இல்லை. என்னோடு வந்த ஒரு தோழி நாலு மாதம் வாயே திறக்கவில்லை. அவளிடம் நான் ஒருமுறைகூட விசாரிக்கவில்லையே என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

கிளம்புவதற்கு முன் அந்தக் குடும்பத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். உங்களுக்கு ஒத்துக்கொள்ளாத உணவு, சாப்பிடும் மருந்து, நாய் பூனை என்றால் பயமா என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். வீட்டில் என்ன வேலை தெரியும் என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.