கப்பல் பயணத்துக்காக அடகு நகையில் மேலும் பணம் எடுக்கலாமா?

கேள்வி: வெள்ளவத்தையில் வசிக்கிறோம். எனக்கும் கணவருக்கும் சேர்த்து மாதம் 3 இலட்சத்து 40 ஆயிரம் ரூபாய் கைக்கு வருகிறது. வாடகை, இரண்டு பிள்ளைகளின் படிப்பு உட்படச் செலவு 2 இலட்சத்து 60 ஆயிரம். எங்களோடு இருக்கும் மாமிக்கு வரும் டிசம்பரில் 75 வயது நிறைவதால், டொரொன்டோவில் உள்ள மச்சாள் முழுக் குடும்பத்தையும் மியாமியிலிருந்து புறப்படும் ‘ஐகன் ஒஃப் த சீஸ்’ கப்பலில் ஏழு இரவுப் பயணத்துக்கு அழைக்கிறார். மாமியின் செலவு அவருடையது. எங்கள் நால்வருக்கான அறைக் கட்டணம் 7,200 டொலரில் பாதியையும் அவரே தருவதாகச் சொல்கிறார். மீதி 3,600 டொலருக்கு, ஏற்கெனவே 9 இலட்சத்துக்கு அடகில் இருக்கும் 12 பவுண் நகையில் மேலதிகப் பணம் எடுக்கலாம். வங்கியும் தரத் தயார். விமானச் சீட்டுகள் சுமார் 19 இலட்சம். கடனட்டையில் வட்டியில்லாமல் 24 தவணையில் கட்டலாம் என்கிறார்கள். அடகா, தனிநபர் கடனா, எது இலாபம்?

பதில்: இரண்டின் வட்டியையும் ஒப்பிட்டுச் சொல்வது எளிது, ஆனால் உங்கள் சிக்கல் வட்டி வீதத்தில் இல்லை. கடிதத்தின் பிற்பகுதியில் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருந்த ஒரு விவரத்தை மற்ற வாசகர்களுக்காக இங்கே எடுத்துக் கூறுகிறேன். அந்த நகை 2022 இறுதியில் கொழுந்தனாரின் திருமணத்துக்காக 4 இலட்சத்துக்கு அடகு போனது. 2024இல் மச்சாள் குடும்பத்தோடு வந்து நடத்திய சாமத்தியச் சடங்கின்போது அது ஆறரை இலட்சமானது. ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்கு வெளிநாட்டு உறவினர் போட்ட தொகைக்குக் குறையக்கூடாது என்று 2025இல் 9 இலட்சமானது. ஒவ்வொரு முறையும் வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பித்திருக்கிறீர்கள். கடனின் அசலில் ஒரு ரூபாயும் குறையவில்லை. மூன்று முறையும் தொகை டொரொன்டோவில் தீர்மானிக்கப்பட்டது, கடன் வெள்ளவத்தையில் எடுக்கப்பட்டது.

தங்கத்தின் விலை ஏறும்போது வங்கி கூடுதலாகத் தருவதை நீங்கள் வருமானம் போலக் கருதத் தொடங்கியிருக்கிறீர்கள். நகையின் பெறுமதி உயர்ந்ததால் உங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய இலாபத்தை, அதை விற்காமலே முன்கூட்டிச் செலவழித்து, அதற்கு வட்டியும் கட்டுகிறீர்கள். இதுவரை கட்டிய வட்டி, என் கணக்கில், 3 இலட்சத்துக்குக் குறையாது. தங்கம் சற்று இறங்கினால் அடுத்த புதுப்பித்தலில் வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள், முடியாவிட்டால் ஏலம்தான்.

இனிக் கப்பலுக்கு வருகிறேன். பின்லாந்தின் துர்க்கு நகரில் கட்டப்பட்டு 2024 ஜனவரியில் முதற் பயணம் புறப்பட்ட இந்தக் கப்பல் 365 மீற்றர் நீளம், 20 தளங்கள், 248,663 தொன் மொத்தக் கொள்ளளவு உடையது. முழுக்க நிரம்பினால் ஏறத்தாழ 7,600 பயணிகளை ஏற்றும். ஏழு நீச்சல் தடாகங்கள், ஆறு சறுக்குகளைக் கொண்ட நீர்ப் பூங்கா, பனிச்சறுக்கு அரங்கு, நடுவே உண்மையான செடிகொடிகளோடு ஒரு தோட்டம் என்று பிள்ளைகள் வியக்க நிறையவே உண்டு. 2025 ஓகஸ்டில் அதன் தங்கைக் கப்பலான ‘ஸ்டார் ஒஃப் த சீஸ்’ஸும் சேவைக்கு வந்துவிட்டது. பார்க்க ஆசைப்படுவதை நான் குறை சொல்லவில்லை.

ஆனால் இத்தகைய கப்பலின் வியாபாரம் பயணச் சீட்டோடு முடிவதில்லை என்பதை மச்சாள் உங்களுக்குச் சொல்லவில்லை. சறுக்குகளும் தடாகங்களும் பிரதான உணவகமும் கட்டணத்துக்குள் அடங்கும். சிறப்பு உணவகங்கள், குளிர்பானம், இணையம், துறைமுகங்களில் இறங்கிச் செல்லும் சுற்றுலாக்கள், கடலுக்கு மேலே கயிறு பூட்டி நடக்கும் ‘க்ரௌன்ஸ் எட்ஜ்’ போன்ற விளையாட்டுகள் எல்லாம் தனிக் கட்டணம். கப்பலில் காசு புழங்குவதில்லை. அறைக்கான அட்டையை நீட்டினால் போதும், கணக்கு உங்கள் கடனட்டையில் வந்து விழும். இந்தக் கப்பலின் உரிமையாளரான ரோயல் கரீபியன் குழுமத்தின் மொத்த வருமானத்தில் ஏறத்தாழ 30 சதவீதம் பயணச் சீட்டுக்கு வெளியே, பெரும்பாலும் கப்பலுக்குள் நடக்கும் செலவிலிருந்து வருகிறது. பிள்ளைகளோடு ஏழு நாள் அங்கே இருந்துவிட்டு ஒன்றும் வாங்காமல் திரும்புவோம் என்று நீங்கள் எண்ணினால், நான் நம்பத் தயாரில்லை.

டொலரை 300 ரூபாய் என்று வைத்து, உங்கள் கணக்கில் விடுபட்டவற்றைச் சேர்த்துப் பார்ப்போம். பணியாளர் சேவைக் கட்டணம் சாதாரண அறைக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 18.50 டொலர், நால்வருக்கு ஏழு நாளுக்கு 518. அமெரிக்க விசா விண்ணப்பம் தலைக்கு 185 வீதம் 740. விசா மறுக்கப்பட்டாலும் அது திரும்பி வராது. கனடாக் கடவுச்சீட்டோடு எல்லை கடப்பவருக்கு இந்தச் செலவும் நேர்முகத் தேர்வும் நினைவுக்கு வராதது இயல்பு. புறப்படும் முன் மியாமியில் தங்க 400, கப்பலில் மிகச் சிக்கனமாக 800. ஆக 2,458 டொலர், அதாவது 7 இலட்சத்து 40 ஆயிரம் ரூபாய். அறைப் பங்கு 10 இலட்சத்து 80 ஆயிரம், விமானச் சீட்டு 19 இலட்சம், இதுவும் சேர, மச்சாளின் ‘பாதி’ கழிந்த பின்னரும் உங்கள் பங்கு 37 இலட்சத்தைத் தாண்டுகிறது. டொலர் 300இலேயே நிற்கும் என்ற நம்பிக்கையில்தான் இதுவும். 2022 மார்ச்சில் 200 ரூபாயாக இருந்தது மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டதை நாம் எல்லோரும் பார்த்தோம்.

இதை மாதக் கணக்காக்கினால் இன்னும் தெளிவாகும். அடகு 19 இலட்சத்து 80 ஆயிரமானால், நீங்கள் குறிப்பிட்ட 14 சதவீதத்தில் வட்டி மட்டும் மாதம் 23,100. விமானச் சீட்டின் தவணை கிட்டத்தட்ட 80,000. இரண்டும் சேர்ந்து ஒரு இலட்சத்துக்கு மேல். வட்டி கட்டுமுன் உங்களிடம் மிஞ்சுவதோ 80,000. விடுபட்ட அந்த 7 இலட்சத்து 40 ஆயிரம் கடனட்டையில் தேங்கினால், உங்கள் அட்டையின் 26 சதவீதத்தில் மாதம் மேலும் 16,000 வட்டியாகும்.

‘வட்டியில்லாத் தவணை’ என்று விளம்பரப்படுத்துகிறார்களே, அதைப் பற்றி ஒரு வார்த்தை. வட்டி இல்லாவிட்டாலும் நடைமுறைக் கட்டணம் இருக்கும். ஒரு தவணை தவறினால் மிச்சத் தொகை முழுவதும் சாதாரண கடனட்டை வட்டிக்கு மாறும் நிபந்தனையும் இத்தகைய திட்டங்களில் வழக்கமாக உண்டு. மாதம் இருபதாயிரம் குறையும் குடும்பத்துக்குத் தவணை தவறுவது அநேகமாக நிச்சயம். தொலைக்காட்சிப் பெட்டி வாங்குவதற்கு இது பரவாயில்லை. பயணம் முடிந்து இரண்டு வருடம் கட்டும் விமானச் சீட்டுக்கு வேண்டாம்.

ஆகவே அடகும் வேண்டாம், தனிநபர் கடனும் வேண்டாம். மாதம் 10,500 வட்டி கட்டும் நீங்கள், மிஞ்சுவதிலிருந்து இன்னும் 30,000 சேர்த்து 40,500 ஆகக் கட்டினால், 26 மாதத்தில் 12 பவுணும் வீடு வந்து சேரும். பகுதி பகுதியாக அசலைக் குறைக்க உங்கள் கிளை அனுமதிக்கிறதா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், அனுமதிக்காவிட்டால் அந்த 30,000ஐச் சேமிப்பில் போட்டு அடுத்த புதுப்பித்தலன்று மொத்தமாகக் கட்டுங்கள். பிள்ளைகளுக்குக் கப்பல் காட்டும் ஆசை அப்போதும் இருந்தால், சிங்கப்பூரிலிருந்து மூன்று, நான்கு இரவுப் பயணங்கள் போகின்றன. அமெரிக்க விசாவும் அத்திலாந்திக்கைத் தாண்டும் விமானச் சீட்டும் தேவையில்லை. அதே 40,500ஐப் பத்து மாதம் சேர்த்தால் 4 இலட்சத்தோடு தொடங்கலாம்.

மாமியின் பிறந்த நாளை நீங்கள் மறுக்கவில்லை. அதன் விலையை மட்டுமே மறுக்கிறீர்கள். மாமி தனியே விமானம் ஏற முடியாது என்பதால் கணவர் துணையாகப் போகட்டும், இருவரின் சீட்டையும் அவருடைய அக்காவான மச்சாளே எடுக்கட்டும் என்று கேட்பதில் வெட்கப்பட எதுவுமில்லை. இல்லையென்றால், மாமியின் பிறந்த நாளுக்கு அவர்கள் கொழும்புக்கு வரட்டும். இதை நீங்கள் அல்ல, உங்கள் கணவர்தான் அக்காவிடம் சொல்ல வேண்டும். அடகில் 9 இலட்சம் இருப்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனெனில் அது தெரியாதவரைக்கும் அடுத்த தொகையும் அங்கிருந்தே வரும். அறைக்கான முழுப் பணத்தையும் பயணத்துக்குச் சில மாதங்களுக்கு முன்பே கேட்பார்கள், அதற்குப் பிறகு விலகினால் பெரும்பகுதி கைவிட்டுப் போகும். மச்சாள் முற்பணம் மட்டுமே கட்டியிருக்கும் இந்த வாரத்திலேயே அந்தத் தொலைபேசி அழைப்பு நடக்கட்டும்.