புதுக் கோடு வந்தால் நோய் திரும்பியதா?

மார்த்தாண்டத்திலிருந்து அமெரிக்கா வந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது, கணவருக்குக் கார்-டி சிகிச்சை (அவருடைய நோய் எதிர்ப்புச் செல்களையே மாற்றிப் புற்றைத் தாக்க வைப்பது) முடிந்து நான்காம் மாத ரத்தப் பரிசோதனையில் புதிதாக ஒரு புரதக் கோடு, மைலோமா என்ற மஜ்ஜைப் புற்றுநோய் திரும்பிவிட்டதா, ஊருக்கே போய்விடலாமா என்று கேட்டிருக்கிறாய்.

மக்கா, டிக்கெட் போடாதே. சிகிச்சைக்கு முந்தைய ரிப்போர்ட்டை எடுத்து இதன் பக்கத்தில் வை. கோடாகத் தெரியும் அந்தப் புரதத்துக்கு 'எம்' (M) புரதம் என்று பெயர், அது எந்த வகை என்று இரண்டிலும் இருக்கும். என் வீட்டுக்காரருக்கு முதலில் ஐஜிஏ லாம்ப்டா (IgA lambda) என்ற வகை. கார்-டி முடிந்த பிறகு மங்கலாக ஐஜிஜி கப்பா (IgG kappa) என்ற வேறு வகை வந்தது, அதுவும் வெள்ளிக்கிழமை ராத்திரி. அமெரிக்காவில் டாக்டர் பார்க்கும் முன்பே ரிப்போர்ட் நம் போனுக்கு வந்துவிடும். நாகர்கோவிலில் கவரை டாக்டர் கையில் கொடுத்து அவர் முகத்தையே பார்த்துப் பழகிய நமக்கு இது கொடுமை. இரண்டு நாள் எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

திங்கட்கிழமைதான் விஷயம் புரிந்தது. மைலோமாவுக்கான கார்-டி செல்கள் பிசிஎம்ஏ என்ற அடையாளத்தைப் பார்த்துத் தாக்குகின்றன. அது நோய் எதிர்ப்புப் புரதம் சுரக்கும் நல்ல பிளாஸ்மா செல்களிலும் உண்டு, அவையும் அழிந்துபோகும். அப்புறம் நல்லவை மெல்லத் திரும்பும்போது முதலில் சில வகைகளே வரும், அவை சுரக்கும் புரதம் தனிக் கோடாகத் தெரியும். பழைய ரப்பரை முறித்த விளையில் முதல் மழைக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பச்சை தெரியுமே, அப்படி. எங்களுக்குச் சில மாதத்தில் தானாக மறைந்தது.

மைலோமாவுக்கான டாரடுமுமாப் ஊசி போட்டிருந்தால் அந்த மருந்தே ஐஜிஜி கப்பாவாகத் தெரியலாம், அதையும் நர்ஸிடம் சொல். பழைய வகையே தெரிந்தாலும் உடனே உடைந்துபோகாதே. ஐஜிஜி ரத்தத்தில் பாதியாகக் குறையவே சுமார் 3 வாரம் பிடிக்கும். அளவு இறங்கிக்கொண்டே வருகிறதா என்று பார். ஏறினால் காத்திருக்காதே. அந்தப் புரதத்தின் சிறு துண்டான ஃப்ரீ லைட் செயின் சில மணி நேரத்திலேயே குறையக்கூடியது, அதன் முடிவையும் கேள். மஜ்ஜைப் பரிசோதனை வேண்டுமா என்பது டாக்டர் முடிவு. ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல், போனில் இணைப்பார்கள், காசு கிடையாது.

நல்ல செல்களும் அழிந்திருப்பதால் நான் உண்மையில் பயப்படுவது தொற்றுக்குத்தான். அவருடைய மொத்த ஐஜிஜி 400க்குக் (mg/dL) கீழே இருந்தால் இம்யூனோகுளோபுலின், அதாவது நோய் எதிர்ப்புப் புரதம், ஏற்ற வேண்டுமா என்று கேள். டிசம்பரில் ஊருக்குப் போனாலும் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாக் கூட்டத்துக்குள் இந்த வருடம் அவரைக் கூட்டிப் போகாதே.