ஈறில் ரத்தமும் டிரைகிளிசரைடும்: புவனகிரி நண்பருக்கு

வணக்கம் சார். அப்பாவுக்குப் பல் தேய்த்தால் ரத்தம் வருகிறது, டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 310, ஈறைச் சுத்தம் செய்தால் கொழுப்பு மாத்திரையை விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து விடாதீர்கள். நாள்பட்ட ஈறு அழற்சி, கல்லீரலைக் கூடுதல் கொழுப்பு வெளியிடத் தூண்டக்கூடும். ஈறு ஆறினால் அளவு கொஞ்சம் இறங்கலாம், அவ்வளவுதான்.

ஆனாலும் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள், பல்லே ஆட ஆரம்பித்துவிடும். மெல்லிய கம்பியால் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தை அளப்பார்கள். ஆழமாக இருந்தால் மேல்கறையை எடுத்தால் போதாது, வேர்வரை சுரண்ட வேண்டும். சிதம்பரம் அரசு பல் மருத்துவக் கல்லூரி (முன்பு ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி) உங்களுக்குப் பக்கம்தானே. அப்பா ஆஸ்பிரின் சாப்பிடுகிறார் என்றால் பல் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம், சர்க்கரையும் பாருங்கள். பலருக்கு ஈறு நோய், டிரைகிளிசரைடு இரண்டையும் கிளப்பிவிடுவது அதுதான்.