வறட்சியில் மக்காச்சோளத்தின் வேர்: தினமும் நீர் தெளிக்கலாமா?

கேள்வி: பெரம்பலூர் பக்கம் கரிசல் நிலத்தில் மானாவாரியாக விதைத்த மக்காச்சோளத்துக்கு வயது 25 நாள். இரண்டு வாரமாக மழை இல்லை. ஒரு செடியைத் தோண்டிப் பார்த்தேன். மேலே வளர்ச்சி நின்றிருக்க, வேர் மட்டும் கீழ்நோக்கி நீண்டிருக்கிறது. மேல்மண்ணில் பக்கவேர்கள் குறைவு. இது நோயா? பண்ணைக்குட்டையில் உள்ள சிறிதளவு நீரைத் தினமும் தெளிக்கலாமா?

பதில்: வேர் வெண்மையாகவும் உறுதியாகவும் இருக்கும்வரை இது நோயன்று, பயிர் வறட்சிக்குச் செய்துகொண்ட ஏற்பாடு. வேர் பழுப்பு நிறமாகி, தொட்டால் தோல் உரிந்து வந்தால் மட்டும் அழுகலைச் சந்தேகியுங்கள்.

மண்ணில் ஈரம் குறையும்போது முதலில் தடைபடுவது இலையின் வளர்ச்சியே. இலை அறவே நின்றுவிடும் அளவுக்கு வறண்ட மண்ணிலும் மக்காச்சோளத்தின் வேர்நுனி, வேகம் குறைந்தாலும், வளர்ந்துகொண்டிருக்கும். வேர்நுனிச் செல்கள் புரோலின் என்னும் அமினோ அமிலம் போன்ற பொருள்களைச் சேர்த்து நீரை ஈர்த்துப் பிடித்துக்கொள்வதும், வறட்சியில் பெருகும் அப்சிசிக் அமிலம் என்னும் ஹார்மோன், வேர் நீள்வதை ஒடுக்கும் எத்திலீன் என்னும் வாயுவை மிகவிடாமல் தடுத்து வேரின் நீட்சியைக் காப்பதும் இதற்குக் காரணங்கள்.

பக்கவேர்கள் குறைந்ததும் இதே கணக்குத்தான். ஒரே வேரில்கூட, ஈரத்தைத் தொடும் பக்கத்தில்தான் பக்கவேர்கள் பெரும்பாலும் தோன்றுகின்றன. காற்றிடைவெளியை நோக்கிய பக்கம் வெறுமையாக இருந்துவிடுகிறது. தண்டின் அடிக்கணுக்களிலிருந்து இறங்கவேண்டிய வேர்களும் மேல்மண் நனையும்வரை நீளாமல் காத்திருக்கும். பயன் தராத இடத்தில் பயிர் தன் சர்க்கரையைச் செலவிடுவதில்லை.

ஆகவே தினமும் தெளிக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. மேலே ஓரங்குலம் நனைந்தால், அந்த ஈரத்தை நம்பி வேர்கள் மேலேயே கிளைக்கும். அதில் பெரும்பகுதியோ வெயிலில் ஆவியாகிவிடும். மாறாக, விடியற்காலையில் வயலுக்குச் சென்று இலைகளைப் பாருங்கள். நண்பகலில் சுருண்ட இலை காலையில் விரிந்திருந்தால் ஆழத்தில் இன்னும் ஈரம் இருக்கிறது, பொறுக்கலாம். காலையிலும் சுருண்டே இருந்தால், வேர் எட்டிய ஆழம்வரை நனையும்படி ஒரே முறை பாய்ச்சுங்கள். நீர் போதாதெனில் ஒன்றுவிட்டொரு சாலில் மட்டும் பாய்ச்சலாம்: நனைந்த பக்கத்து வேர்கள் நீரை உறிஞ்ச, காய்ந்த பக்கத்து வேர்களிலிருந்து எழும் சமிக்ஞை இலைத்துளைகளைச் சற்றே மூடவைத்து நீரிழப்பைக் குறைக்கும். ஆண்பூ வெளிவந்து கதிரில் பட்டிழை தோன்றும் காலத்துக்கென்று, ரகத்தைப் பொறுத்து ஏறக்குறைய 50 முதல் 60ஆம் நாள் வரை, ஒரு பாய்ச்சலுக்கு நீரைக் கட்டாயம் ஒதுக்கி வையுங்கள். அப்போது நேரும் வறட்சியைப் போல் மணி பிடிப்பதைக் கெடுப்பது வேறில்லை.

வேர் நீரைத் தேடி எங்கும் போகும் என்று சொல்லிப் பழகிவிட்டோம். முற்றிலும் காய்ந்த மண்ணையும் இறுகிய அடித்தட்டையும் அது எளிதில் கடப்பதில்லை. கரிசலில் வெடிப்பு விழுந்தால் வேர் அறுந்து ஈரமும் வெளியேறும் என்பதால், இப்போதே களைக்கொத்தால் மேலாகக் கொத்தி வெடிப்புகளை மூடுங்கள். தோண்டிய செடியின் வேர் ஓர் ஆழத்தில் சட்டென்று பக்கவாட்டில் திரும்பியிருந்தால், அங்கே இறுகிய தட்டு இருக்கிறது. அறுவடைக்குப் பின் கோடையில் உளிக்கலப்பையால் அதை உடைத்துவிட்டு அடுத்த விதைப்புக்குப் போங்கள்.