நின்றால் படபடப்பு, இரண்டு நாள் கழித்து அசதி: இது கோவிடின் தொடர்ச்சியா?

கேள்வி: எனக்கு வயது 39. திருப்பூரில் பின்னலாடை நிறுவனம் ஒன்றில் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். 2021 மே மாதம் கோவிட் வந்து ஒன்பது நாள் ஆக்சிஜனில் இருந்தேன். ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். சர்க்கரை நோய் இருப்பதும் அப்போதுதான் தெரிந்தது. அன்று முதல் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். ஒரு வருடத்தில் தேறிவிட்டேன். சென்ற ஆண்டு வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல் வந்து போனது. யாரும் பரிசோதனை செய்துகொள்ளவில்லை. அதிலிருந்து மேஜை முன் நின்றால் படபடப்பு, தலைசுற்றல். கொஞ்சம் கூடுதலாக வேலை செய்தால் இரண்டு நாள் கழித்து எழவே முடிவதில்லை. பேசும்போது வார்த்தைகள் மறந்துபோகின்றன. இ.சி.ஜி., எக்ஸ்ரே இரண்டும் நார்மல், மனசுதான் காரணம் என்கிறார்கள். "கொரோனாவெல்லாம் எப்பவோ முடிஞ்சு போச்சு" என்கிறார் கணவர். தடுப்பூசியால் வந்ததோ என்றும் பயமாக இருக்கிறது. நான் என்ன செய்வது?
- வாசகி, திருப்பூர்

பதில்: உங்கள் கணவர் சொல்வதையே இன்று பெரும்பாலானோர் நம்புகிறார்கள் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று முடிவுக்குக் கொண்டுவந்தது கோவிடுக்கான சர்வதேச அவசரநிலையைத்தான். நோய் ஒழிந்துவிட்டது என்று அது சொல்லவில்லை. அதே ஆண்டு டிசம்பர் மாதத்தில் மட்டும், ஐம்பதுக்கும் குறைவான நாடுகளிலிருந்து ஏறத்தாழ 10,000 கோவிட் மரணங்கள் அந்த நிறுவனத்துக்குத் தெரிவிக்கப்பட்டன. மற்ற நாடுகள் கணக்கே அனுப்பவில்லை. செய்தியில் தினமும் எண்ணிக்கை வாசிக்கப்பட்ட காலம் போய்விட்டதால், இன்று நோயுற்றுக் கிடப்பவர்கள் தங்கள் வீட்டாரிடமே தங்கள் நோயை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

கோவிட் தொற்றிய மூன்று மாதங்களுக்குள் தலைகாட்டி, குறைந்தது இரண்டு மாதங்கள் நீடித்து, வேறு நோயால் விளக்க முடியாத உபாதைகளையே நாங்கள் 'லாங் கோவிட்' என்கிறோம். தொற்றியவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 6 பேருக்கு இது வருவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. முதல் முறை தப்பியவருக்கு மறுமுறை தொற்றும்போதும், காய்ச்சல் லேசாக இருந்தாலும் கூட, வரலாம். சென்ற ஆண்டு வந்த காய்ச்சல் கோவிட்தானா என்று இப்போது உறுதிசெய்ய வழியில்லை. ஆயினும் உங்கள் உபாதைகளின் போக்கு அதற்குப் பெரிதும் பொருந்துகிறது.

என்றாலும், 'வேறு நோயால் விளக்க முடியாத' என்ற நிபந்தனையை நான் இலேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். மெட்ஃபார்மினை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுவோரில் சிலருக்கு உடலில் பி12 வைட்டமின் குறைந்துபோகும். அசதி, மறதி, கால் மரத்துப்போதல் மூன்றுமே அதனால் வரலாம். அதைச் சரிசெய்வதும் எளிது. ஆகவே பி12 அளவை முதலில் பாருங்கள். ஹீமோகுளோபின், தைராய்டு, மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி., சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் ஆகியவற்றையும் அதே ரத்த மாதிரியில் பார்த்துவிடலாம். மாதவிடாயில் உதிரப்போக்கு அதிகமாக இருந்தால் அதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். உங்கள் வயதில் ரத்தசோகையும் இதே படபடப்பைத் தரும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடைக்குறைவு இருந்தால் சளிப் பரிசோதனை தேவை. சர்க்கரை நோயாளிக்குக் காசநோய் வரும் வாய்ப்பு அதிகம். ஸ்டீராய்டு பெற்றவர் என்பதால் இன்னொன்றையும் கேட்டுவைக்கிறேன். தொடை இடுக்கில், நடக்கும்போது விடாத வலி உண்டா? இருந்தால் இடுப்பெலும்புக்கு ரத்த ஓட்டம் குறைந்திருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது, நின்றால் வரும் படபடப்பு. படுக்க வைத்து எடுக்கும் இ.சி.ஜி.யில் இது தெரியாமல் போவதில் வியப்பில்லை. நிற்கும்போது வருகிற தொல்லையை நிற்க வைத்துத்தான் பார்க்க வேண்டும். பத்து நிமிடம் அமைதியாகப் படுத்திருந்து நாடித்துடிப்பை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எழுந்து, ஒருவர் பக்கத்தில் இருக்க, சுவரில் சாய்ந்து அசையாமல் பத்து நிமிடம் நின்று, நிமிடத்துக்கு ஒரு முறை துடிப்பைக் குறியுங்கள். மயக்கம் வருவதுபோல் இருந்தால் உடனே உட்கார்ந்துவிடுங்கள். ரத்த அழுத்தம் பெரிதாக இறங்காமல், துடிப்பு மட்டும் நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல் கூடி அப்படியே நிற்குமானால், ரத்தக்குழாய்களையும் இதயத்துடிப்பையும் நம் கவனமின்றியே இயக்கும் தானியங்கு நரம்புகள் தடுமாறுகின்றன என்று கருதலாம். கோவிடுக்குப் பிறகு பலரிடம் காணப்படும் இந்த நிலைக்குச் சிகிச்சை உண்டு. சர்க்கரை நோயும் இந்த நரம்புகளைப் பாதிக்கும் என்பதால், அந்தக் குறிப்பை மருத்துவரிடம் காட்டிய பிறகே முடிவுசெய்ய வேண்டும். தண்ணீரையும் உப்பையும் கூட்டச் சொல்வது இதற்கான வழக்கமான ஆலோசனைதான். ஆனால் ரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்தையும் பார்க்காமல் நீங்களாக உப்பைக் கூட்ட வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் நிறுத்தியது 'இரண்டு நாள் கழித்து' என்ற சொற்கள். சாதாரணக் களைப்பு வேலை செய்த அன்றே வந்து, ஒரு இரவு தூங்கினால் போய்விடும். உழைப்பை உடல் தாங்காமல் ஒன்றிரண்டு நாள் தாமதித்துச் சரிவது லாங் கோவிடின் முக்கியமான அடையாளங்களில் ஒன்று. இத்தகையவர்களிடம் 'தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடையைக் கூட்டுங்கள்' என்று சொல்வது அவர்களை மேலும் படுக்கையில் தள்ளக்கூடும். சர்க்கரைக்காக வேகநடை போகச் சொல்லியிருந்தால், இந்தச் சரிவு நிற்கும்வரை அதைக் குறைத்துக்கொண்டு, சாப்பாட்டுக்குப் பின் வீட்டுக்குள்ளேயே மெதுவாகச் சில நிமிடம் நடப்பது போதும். சர்க்கரை அளவை உணவாலும் மாத்திரையாலும் பார்த்துக்கொள்ளலாம். ஒரு நோட்டில் அன்றன்று செய்த வேலையையும் உடல் நிலையையும் எழுதி வாருங்கள். எவ்வளவு செய்தால் சரிவு வருகிறது என்பது இரண்டு மூன்று வாரத்தில் தெரியவரும். அந்த எல்லைக்குக் கீழேயே, வரவுக்குள் செலவு செய்வதுபோல், நாளை நடத்த வேண்டும். உடம்பு நன்றாக இருக்கும் நாளில் சேர்ந்துபோன துணியையெல்லாம் துவைத்து வீட்டையும் கழுவிவிட்டு, அடுத்த மூன்று நாள் படுத்துக்கிடப்பதுதான் பெண்களிடம் நான் அடிக்கடி காணும் தவறு. காய் நறுக்குவதையும் மாவு பிசைவதையும் உட்கார்ந்து செய்யுங்கள். தண்ணீர்க் குடத்தை வேறொருவர் தூக்கட்டும்.

வேலையிடத்தில் ஒரு உயரமான ஸ்டூல் கேளுங்கள். செக்கிங் மேஜையில் உட்கார்ந்தும் துணியைப் பார்க்க முடியும். மருத்துவரிடம் எழுதி வாங்கிக் கொடுத்தால் மறுப்பது கடினம். உங்களுக்கு இ.எஸ்.ஐ. இருக்குமானால், உரிய சந்தா நாட்கள் பூர்த்தியாகி மருத்துவர் சான்றும் இருந்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். விடுப்பெடுத்தால் சம்பளம் போய்விடும் என்று பயந்து உடலைத் தேய்த்துக்கொண்ட பலருக்கு இது தெரிவதில்லை.

மனசுதான் காரணம் என்பதற்கு என் பதில்: நீண்ட நோயில் மனச்சோர்வும் சேர்ந்து வரலாம், வந்தால் அதற்கும் மருந்தும் ஆலோசனையும் தயங்காமல் பெற வேண்டும். ஆனால் ரிப்போர்ட் நார்மல் என்பதால் மட்டும் ஒரு நோயை மனநோய் என்று சொல்லக்கூடாது. லாங் கோவிடை உறுதிசெய்யத் தனியாக ஒரு ரத்தப் பரிசோதனை இன்னும் இல்லை. நோயாளி சொல்வதைக் கேட்டுத்தான் கண்டறிய முடியும்.

தடுப்பூசியைப் பற்றிய பயம் வேண்டாம். கோவிஷீல்டில் மிக அரிதாக ஏற்பட்ட ரத்த உறைவு, ஊசி போட்ட சில வாரங்களுக்குள் நேர்ந்தது; ஆண்டுகள் கழித்து வருவதில்லை. 18 முதல் 45 வயதுக்குள் திடீரென இறந்தவர்களைப் பற்றி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023இல் வெளியிட்ட ஆய்வில், தடுப்பூசி அந்த ஆபத்தைக் கூட்டவில்லை என்று தெரிந்தது. கோவிடுக்காக மருத்துவமனையில் சேர்ந்திருந்ததே ஆபத்தைக் கூட்டிய காரணங்களில் ஒன்றாக இருந்தது. நீங்களும் அப்படிச் சேர்ந்திருந்தவர் என்பதால் ரத்த அழுத்தம், கொழுப்பு அளவு இரண்டையும் ஆண்டுதோறும் பார்த்துக்கொள்ளுங்கள். நெஞ்சுவலி, மயங்கி விழுதல், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறல், ஒரு கால் மட்டும் வீங்குதல் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

லாங் கோவிடை ஒரே மருந்தில் குணமாக்குவதாகச் சொல்லி விற்கப்படும் எதற்கும் பணம் கட்டாதீர்கள். அப்படி ஒரு மருந்து இன்றுவரை இல்லை. பலருக்கு மெல்ல மெல்லக் குறைகிறது, சிலருக்கு ஆண்டுகள் ஆகின்றன. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவுக்கு 2021ஆம் ஆண்டு டிஸ்சார்ஜ் சம்மரியையும், இப்போது எழுதும் நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். கணவரும் உடன் வரட்டும். அதற்கு முன் ஒரு காலையில், நீங்கள் சுவரில் சாய்ந்து நிற்கும் அந்தப் பத்து நிமிடமும், உங்கள் நாடியைப் பிடித்து எண்ணி அவரே எழுதட்டும்.