ஒரு கைப்பிடி குழியடிச்சான்: கொடுத்தால் உரிமை போகுமா?

கேள்வி: ராமநாதபுரம் பக்கம் எங்களுக்கு உவர் ஏறிய இரண்டு ஏக்கர் இருக்கிறது. மாமனார் காலத்திலிருந்து உப்பைத் தாங்கும் நாட்டு நெல்லான குழியடிச்சான்தான் போடுகிறோம். ஊரில் மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். விதை அழியாமலிருக்க, கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கலாமா? கொடுத்தால் உரிமை போய்விடும் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன்.

பதில்: தாராளமாகக் கொடுங்கள். விதையை வங்கியில் வைப்பாக வைப்பது வேறு, ரகத்தைச் சட்டப்படி யாருடைய பெயரிலாவது பதிவது வேறு. அண்ணன் இரண்டையும் ஒன்றாக நினைத்துவிட்டார்.

கோவையில் பயிர் மரபு வளத் துறையும் நெல் ஆராய்ச்சியாளர் ராமையா பெயரில் மரபணு வங்கியும், அதாவது விதைகளைக் காத்துவைக்கும் இடமும், இருக்கின்றன. நெல்லைப் போலத் தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்ளும் பயிருக்கு 2000 விதை இருந்தாலே பொதுவாகப் போதும். நெல்லில் அது சுமார் 50 கிராம்தான். அந்த 50 கிராமை எப்படி எடுக்கிறீர்கள் என்பதில்தான் விஷயம். பெரிய கதிராகப் பார்த்துப் பொறுக்காதீர்கள். வயலின் நான்கு மூலையிலும் நடுவிலுமாக, நூறு செடியிலாவது செடிக்கு ஒரு கதிர் எடுங்கள். நாட்டு ரகத்துக்குள் இருக்கும் சின்னச் சின்ன வேறுபாடுகள்தான் அதன் சொத்து. அப்பட்டமான கலவனை, அதாவது கலந்துவிட்ட வேறு ரகச் செடியை, பிடுங்குங்கள். ஆனால் வித்தியாசமாக, நன்றாக நிற்கும் ஒரு செடி கண்ணில் பட்டால் அதன் கதிரைத் தனியாக முடிந்து வையுங்கள். கோணாமணி நெல்லில் தானாக மாறி நின்ற செடிதான் 1921-ல் கோவையிலிருந்து ஜி.இ.பி. 24 என்ற ரகமாக வெளிவந்தது. கடையில் நாம் பிபிடி பொன்னி என்று வாங்கும் அரிசிக்கு அது பாட்டன்.

விதையோடு ஒரு தாளும் போக வேண்டும்: ஊர், மண், எந்த மாதம் விதைப்பு, எத்தனை நாள் பயிர், எவ்வளவு உப்பைத் தாங்கியது, யாரிடமிருந்து வந்த விதை. குழிவெடிச்சான் என்றும் அழைத்தால் அதையும் எழுதுங்கள். இந்தத் தாள் இல்லாத விதை ஆராய்ச்சியாளருக்குப் பாதி ஊமை. கொடுத்ததற்கு எழுத்தில் ஒப்புகையும், உங்கள் விதைக்கென்று வங்கி தரும் சேர்க்கை எண்ணும் கேட்டு வாங்குங்கள்.

இனி உரிமை. 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டப்படி, விதையைச் சேமிக்கவும் மறுபடி விதைக்கவும் மாற்றிக்கொள்ளவும் விற்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. பாதுகாக்கப்பட்ட ரகத்தை முத்திரைப் பெயரிட்டு விற்பதற்கு மட்டுமே தடை. உழவர்கள் வழிவழியாகக் காத்துவரும் உழவர் ரகத்தைப் பதியக் கட்டணம் இல்லை. நெல்லுக்குப் பாதுகாப்பு முதலில் 6 ஆண்டு, புதுப்பித்தால் மொத்தம் 15 ஆண்டு. பதிந்த உழவர் ரகத்திலிருந்து அதைச் சார்ந்த ரகம், அதாவது அதன் முக்கியத் தன்மைகளைக் கொண்ட புது ரகம், உருவாக்க உங்கள் சம்மதம் வேண்டும்.

ஆனால் குழியடிச்சான் உங்கள் ஒரு வீட்டு நெல் அல்ல, கடலோர ஊர்கள் பலவற்றின் நெல். ஒரு பெயரில் பதிவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரித்துவிட்டு, ஊர்க்குழுவாகச் சேர்ந்து முயலுங்கள்.

வைப்பறையில் தூங்கும் விதைக்கு உங்கள் நிலத்தில் ஆண்டுக்காண்டு கூடும் உப்பு தெரியாது. அதனால் விதைப்பை நிறுத்தாதீர்கள். விட்டுவிட்ட வீடுகளில் இரண்டுக்காவது ஆளுக்கு ஒரு மரக்கால் கொடுங்கள். இந்த முறை கலவனை அறுவடைக்கு முன்பே பார்த்துவிடுங்கள். களத்தில் கொட்டிய பிறகு பிரித்தறிவது கடினம்.