புதுப்பித்த அனிமேஷன் படத்தில் காட்சிகளே மாறியிருப்பது ஏன்?

1995இல் வெளிவந்த ‘கோஸ்ட் இன் த ஷெல்’ என்ற ஜப்பானிய அனிமேஷன் படத்தின் ‘2.0’ வட்டை தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வாங்கிப் பார்த்த அன்பர், கதாநாயகியின் உருவமே வேறாகத் தெரிகிறதே, இதுவும் மறுசீரமைப்புதானா என்று கேட்டிருக்கிறார்.

இல்லை. மறுசீரமைப்பு என்பது மூலப் படச்சுருளை ஸ்கேன் செய்து, தூசியையும் கீறலையும் நீக்கி, மங்கிய நிறத்தை மீட்பது. 1937ஆம் ஆண்டின் ‘ஸ்னோ ஒயிட்’ 1993இல் அவ்வாறுதான் முழுவதும் கணினிக்குள் கொண்டுவரப்பட்டுத் துப்புரவானது. 2008இன் ‘2.0’ பதிப்பிலோ, இயக்குநர் மமோரு ஓஷியே தொடக்கக் காட்சி உள்ளிட்ட சில பகுதிகளை முப்பரிமாணக் கணினி வரைகலையில் புதிதாக உருவாக்கச் செய்து, படத்தின் பச்சைச் சாயலை ஆரஞ்சாக்கி, ஒலியையும் மறுபடி கலக்கச் செய்தார். கையால் தீட்டிய முகத்தை அடுத்து வழவழப்பான கணினி முகம் வரும்போது, ஓவியரின் கோட்டில் இருந்த உயிர் அறுபடுகிறது. படைத்தவரே செய்த மாற்றம் என்றாலும் இதை இழப்பாகவே கருதுகிறேன்.

ஆகவே பழைய வடிவத்தை விரும்புவோர் அட்டையில் ‘2.0’ என்ற குறி இல்லாததைத் தேடி வாங்கவேண்டும். ஜப்பானிலிருந்து வரவழைப்பதாயின் வட்டு எந்தப் பகுதியின் கருவிகளில் ஓடும் என்பதைக் காட்டும் மண்டலக் குறியையும் பாருங்கள்: ப்ளூ-ரே வட்டில் ஜப்பானுடையது ஏ, தென்னாப்பிரிக்காவினுடையது பி.